மூட்டையின் எடை

நாவலில் வரும் ஒரு பொருள் எப்போது குறியீடாகிறது என்று கேட்டால், நம் கல்லூரிக் குறிப்பேடுகளும் மதிப்புரைகளும் எழுத்துப் பட்டறைகளும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கின்றன: அது தன்னை விட்டு வேறொன்றைச் சுட்டும்போது. மழை வந்தால் காமம், பூட்டிய வீடு வந்தால் மனம், தீ வந்தால் தூய்மை, கழுதை வந்தால் ஒடுக்கப்பட்டவன். எழுத்தாளன் ஒரு திரையை மாட்டுகிறான், வாசகன் அதை விலக்கி உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறான், அவ்வளவுதான் இருவருக்கும் வேலை. இந்தக் கருத்து பரீட்சைக்கு உதவும் ஒரு வசதியாக மட்டும் நின்றிருந்தால் அதைப் பற்றி இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. அது அங்கே நிற்கவில்லை. அதிலிருந்து இன்னொரு தீர்ப்பும் பிறந்திருக்கிறது. கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியிலிருந்து, நடுநாடு என்று சொல்லப்படும் விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நாவல்களை, இமையத்தின் நாவல்களையும் கண்மணி குணசேகரனின் நாவல்களையும், ‘பதிவு’ என்றும் ‘ஆவணம்’ என்றும் பாராட்டிவிட்டு ஓரமாக வைக்கும் தீர்ப்பு அது. வாழ்க்கையை உள்ளபடி எழுதியிருக்கிறார்கள், நல்லது, ஆனால் எழுதியதற்கு அப்பால் ஏதுமில்லை. குறியீடு இல்லை, ஆகவே ஆழமும் இல்லை. முதல் கருத்து தவறு என்பதால்தான் இந்தத் தீர்ப்பும் தவறாகிறது. இரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். நாவலில் ஒரு பொருள் கதையை ஆழப்படுத்துவது, அதை வைத்து மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதால். அர்த்தம் அந்த வேலையின் மீதும் விலையின் மீதும் படிந்து வருவது. அதைத் தனியே சுரண்டி எடுத்துப் பெயர் வைத்துவிட்டுப் பொருளைத் தூக்கி எறிய முடியாது. ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1842இல் வெளியிட்ட ‘மேலங்கி’ கதையில், ஓர் ஏழை அலுவலக எழுத்தனின் புதுக் கோட்டுக்கு எண்பது ரூபிள் ஆகிறது. அந்தத் தொகையைச் சேர்க்க அவன் இரவில் தேநீரையும் மெழுகுவர்த்தியையும் விடுகிறான், செருப்புத் தேயாமலிருக்கத் தெருவில் பார்த்துப் பார்த்து நடக்கிறான். கோட்டு பறிபோகும்போது நாம் துடிப்பது அது கௌரவத்தைக் குறிக்கிறது என்பதால் அல்ல. எண்பது ரூபிள் எப்படிச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும் என்பதால்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளுக்கு வருவோம். 1964இல் பிறந்த இமையம் எழுதி, 1994இல் க்ரியா வெளியிட்ட முதல் நாவல். கத்தோலிக்க மதத்தில் இருக்கும் ஒரு புதிரை வண்ணார் குடும்பம், ஆரோக்கியம் என்ற தாய், அவள் கணவன் சவுரி, பிள்ளைகள். அவர்கள் வெளுப்பது பறத்தெருவின் துணிகளை. ஊரார் தீண்டாத மக்களுக்கும் தீண்டத்தகாத இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். நாவல் முழுக்க நம் கண்ணில் படுவது துணி மூட்டை. அந்த மூட்டை எதைக் குறிக்கிறது என்று கேட்டுச் சாதியின் சுமையை என்று எழுதிவிட்டால் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் மூட்டைக்குள் இருப்பது என்ன? உழுது சேறேறிய வேட்டி, பிள்ளை மலம் துடைத்த பழஞ்சேலை, பிரசவத் துணி, தீட்டுத் துணி, செத்தவர் மேலிருந்து எடுத்தது. ஒரு தெருவின் பிறப்பும் தூமையும் சாவும் ஒருத்தியின் முதுகில் ஏறுகின்றன. எந்த வீட்டில் பெண் வயதுக்கு வந்தாள், எந்த வீட்டில் இன்னும் குளிக்காமல் இருக்கிறாள் என்பது அந்த வீட்டு ஆண்களுக்குத் தெரிவதற்கு முன் வண்ணாத்திக்குத் தெரியும். வெள்ளாவியில் ஏற்றி, கல்லில் அடித்து, காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அத்தனை அடையாளமும் போய்விட்டிருக்கும். வெளுத்த துணியை வாங்கியவர் அதைப் போட்டுக்கொண்டு வெளுத்தவளைத் தள்ளி நிற்கச் சொல்வார். இந்த முரண்பாட்டைச் சொல்ல இமையம் ஒரு உவமையையும் தேட வேண்டியிருக்கவில்லை. தொழிலை அதன் வரிசைப்படி எழுதினாலே போதும்.

இரவுச் சோறு இன்னும் நுட்பமானது. வெளுத்ததற்குக் கூலி காசாக வருவதில்லை. அந்தி சாய்ந்த பிறகு ஆரோக்கியம் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று குரல் கொடுக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும் சோறும் குழம்பும் ஒரே பாத்திரத்தில் விழுகின்றன. கம்பும் நெல்லும், நேற்றையதும் இன்றையதும் கலந்த சோறு அது. இதைக் கூலி என்று பார்ப்பதா, பிச்சை என்று பார்ப்பதா? ஆரோக்கியத்துக்கு அது உரிமை. தலைமுறை தலைமுறையாக இந்தத் தெரு தன்னுடையது, தான் இந்தத் தெருவுடையவள் என்பதற்கு அந்தச் சோறுதான் சாட்சி. அவளுடைய பிள்ளைகளின் வயதுக்காரர்களுக்கு அதே சோறு அவமானம். போடுகிறவர்களுக்கோ, காலம் போகப் போக, அது தொல்லை. ஒரே சோற்றை மூன்று பேர் மூன்றாகப் பார்க்கிறார்கள், நாவல் நகர்வதே அந்த மூன்று பார்வைகளுக்கு இடையில்தான். அறுவடைக் களத்தில் தூற்றிக் கொடுத்ததற்கு அளந்து போடும் தவசம் குறைந்துகொண்டே வருகிறது; துணி கடைக்குப் போகிறது, பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மகள் மேரி மீது நடக்கும் வன்முறையும், வீடு வீடாகப் போய் நிற்க வேண்டிய இந்தத் தொழிலின் வழியாகவே வருகிறது. கொத்தடிமைத்தனம் தேய்கிறது என்று மகிழ வேண்டிய இடத்தில், அந்தத் தேய்மானத்தால் பட்டினி கிடப்பவள் ஆரோக்கியம் என்று நாவல் காட்டும்போது வாசகனுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. சோற்றை ‘அடிமைத்தனத்தின் குறியீடு’ என்று எழுதியவருக்கு இந்தச் சங்கடம் வராது. அடிமைத்தனம் குறைந்தால் நல்லதுதானே என்று அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

இங்கே ஒரு எதிர்வாதம் உடனே வரும். நாவலின் தலைப்பே வெளிப்படையான குறியீடு அல்லவா? கோவேறு கழுதை சுமக்கும், தனக்கென்று வம்சம் வைக்காது. இமையமே திரையை மாட்டித்தானே வைத்திருக்கிறார்? தலைப்பு அப்படிப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது அட்டையில் நிற்கிறது. எழுதியவன் தான் எழுதி முடித்ததைத் திரும்பிப் பார்த்து வைத்த பெயர். உள்ளே ஆரோக்கியம் தன்னைக் கழுதையாக நினைத்துக்கொண்டு வாழவில்லை. அவள் கணக்குப் பார்க்கிறாள், சண்டை போடுகிறாள், மகனைச் சாமியாராக்கப் படிக்க அனுப்ப முடியுமா என்று கோயிலுக்குப் போய்க் கேட்கிறாள், ஒவ்வொரு வீட்டுச் சாவுக்கும் மாரடித்து அழுகிறாள். தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நாவலைப் படித்தால் சுமக்கும் பிராணி ஒன்று கிடைக்கும். நாவலைப் படித்துவிட்டுத் தலைப்புக்குத் திரும்பினால்தான் அந்தச் சொல்லில் இருக்கும் கோபம் கேட்கும். தலைப்பின் பலம் மூட்டையிலிருந்து கடன் வாங்கியது. மூட்டை தலைப்பிடம் ஒன்றும் வாங்கவில்லை.

குறியீட்டுக்குப் பெயர்போன எழுத்தாளர் என்று இதே மண்ணில் இன்னொருவரைச் சொல்வார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ தமிழ்நாட்டையே இரண்டாகப் பிரித்துச் சண்டை போட வைத்தது. கல்லூரி மாணவி ஒருத்தி மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள், காரில் வந்த ஒருவன் ஏற்றிக்கொள்கிறான், அவளைக் கெடுத்துவிடுகிறான்; வீடு திரும்பியவளை, முதலில் பதறி அடித்த தாய், பிறகு குளியலறையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, இது நெருப்பு, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விளக்கவுரைகள் எல்லாம் இந்தத் தண்ணீரோடு நின்றுவிடும். நீர் நெருப்பாகிறது, சீதையின் நெருப்பு குளியலறைக்கு வருகிறது, குறியீடு முடிந்தது. ஆனால் ஜெயகாந்தன் கதையை அங்கே முடிக்கவில்லை. குளித்துத் துவட்டி முடித்த பிறகும் மகள் எதையோ மென்றுகொண்டிருப்பதைத் தாய் பார்க்கிறாள். கார்க்காரன் கொடுத்த சூயிங்கம். துப்பச் சொல்கிறாள், வாயைக் கொப்பளிக்கச் சொல்கிறாள். எந்தப் புராணத்திலும் சூயிங்கத்துக்கு இடமில்லை; எந்தக் குறிப்பேட்டிலும் அதற்கு நேர் எழுதப்பட்ட அர்த்தமில்லை. அது வேலை செய்வது அதன் தன்மையால். அது உணவல்ல, விழுங்க முடியாது, எவ்வளவு மென்றாலும் கரையாது. தலையில் கொட்டிய அத்தனை தண்ணீரும் போய்ச் சேராத ஓரிடத்தில் அந்தச் சாயங்காலம் இன்னும் பசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணோ அதை மறந்தேபோயிருக்கிறாள், குழந்தைபோல மென்றுகொண்டிருக்கிறாள். அவளுடைய பேதைமையையும், தாயின் கண்ணில் இனி எப்போதும் இருக்கப்போகிற கூர்மையையும் அந்த மிட்டாய்க்கடைச் சரக்கு ஒரே நேரத்தில் சொல்லிவிடுகிறது. தண்ணீர் இந்தக் கதைக்குப் பெருமை தேடித் தந்திருக்கலாம். ஆழம் தந்தது சூயிங்கம்.

இந்தக் கதைக்கு எழுந்த எதிர்ப்பிலிருந்து ஜெயகாந்தன் ஒரு நாவலை எழுதினார். 1970இல் நூலாகி, 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதே மழை, அதே கார், அதே பெண். அவளுக்கு இப்போது கங்கா என்று பெயர். ஒன்று மட்டும் மாறுகிறது. இந்தத் தாய் தண்ணீர் கொட்டவில்லை. ஊர் கேட்க அலறிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டு வெளியேற்றுகிறான். கங்கா படித்து உத்தியோகத்துக்குப் போய், முப்பதை ஒட்டிய வயதில், தன் கதையைப் போலவே இருக்கும் ஒரு கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். நாவலில் இந்தக் கார் திரும்பவும் வருகிறது, இந்த முறை அவளே தேடிப் பிடித்த அதே மனிதனோடு. தெருவே பார்க்க அவள் வாசலில் நிற்கிறது. அன்றைக்கு அந்தரங்கமான ஒரு பயங்கரம் நடந்த இடம், பன்னிரண்டு வருடம் போல் கடந்தபின், பலர் கண்ணுக்கு முன் அவள் துணிந்து ஏறி உட்காரும் இடமாகிறது. கார் என்றால் ஆணின் அதிகாரம், மழை என்றால் காமம் என்று அகராதி போட்டவர் இந்த இரண்டு எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒரே எழுத்தாளன், ஒரே சம்பவம், அதே பொருட்கள்; அர்த்தம் தலைகீழ். அகராதியால் இதை விளக்க முடியாது. அந்தப் பொருளைச் சுற்றி யார் என்ன செய்தார்கள் என்று பார்ப்பவரால் மட்டும்தான் முடியும்.

நன்றாகத் தமிழ் படித்தவர்கள் வேறொரு தடை சொல்வார்கள். நம் மரபே குறியீட்டு அகராதிதானே? குறிஞ்சி என்றால் புணர்தல், பாலை என்றால் பிரிதல். குரங்கும் பலாவும் வந்தால் தலைவனும் தலைவியும். தொல்காப்பியமே உள்ளுறை என்று வகுத்துத் தந்ததைப் புது நாவலுக்குப் பொருத்துவதில் என்ன பிழை? தொல்காப்பியத்தைச் சாட்சிக்கு அழைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அது என் பக்கம் பேசுகிறது. உள்ளுறைக்கு நிலைக்களம் கருப்பொருள் என்கிறது தொல்காப்பியம். கருப்பொருளின் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று வருகின்றன. சோறும் தொழிலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இன்னும் முக்கியமான செய்தி, அந்தப் பட்டியலிலிருந்து உள்ளுறைக்கு ஆகாது என்று ஒன்றை மட்டும் இலக்கணம் விலக்குகிறது: தெய்வத்தை. ஏற்கெனவே எல்லாருக்கும் அர்த்தம் முடிவாகிப்போன ஒன்றைக் கொண்டு உள்ளே பேச முடியாது என்பதே அந்த விலக்கின் நியாயமாக எனக்குப் படுகிறது. மலையில் பலாப்பழம் எப்படித் தொங்கும், குரங்கு அதை எப்படிப் பறிக்கும் என்று கண்ணால் கண்டவனுக்குத்தான் சங்கப் பாட்டின் உள்ளுறை திறக்கும். உரைகாரர்கள் பாட்டில் வரும் செடி எப்போது பூக்கும், மீன் எந்தத் துறையில் இருக்கும் என்று அவ்வளவு மெனக்கெட்டது அதனால்தான். அந்த மெனக்கெடலை விட்டுவிட்டு, அவர்கள் கண்ட முடிவை மட்டும் பட்டியலாக்கி எடுத்துக்கொண்டது நாம்.

கண்மணி குணசேகரனின் ‘கோரை’ நாவலை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். மணக்கொல்லைக்காரரான அவர் நடுநாட்டுச் சொல்லகராதியையும் தொகுத்தவர். ஆகவே ஆவணக்காரர் என்ற முத்திரை அவர் மேல் இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கிறது. கோரை என்பது நிலத்தில் மண்டும் களை. அதைக் கண்ட விவசாயிக்கு அதன் குணம் தெரியும். மேலே தெரிவது புல்தான். உயிர் இருப்பது கீழே, மண்ணுக்குள் கோத்துக்கோத்து ஓடும் கிழங்கில். பிடுங்கினால் புல் வரும், கிழங்கு தங்கிவிடும். சரி, ஆழ உழுவோம் என்று உழுதால், கொழு அந்தக் கோவையை அறுத்து, ஒவ்வொரு கிழங்கையும் கொல்லை முழுக்க இழுத்துப் போட்டுவிடும். ஒன்று இருந்த இடத்தில் பத்து முளைக்கும். உழைப்பே களைக்கு உதவி செய்யும் விநோதமான பகை அது. இதை வறுமையின் குறியீடு என்றோ விதியின் குறியீடு என்றோ சொல்லிவிட்டு நகர்ந்தால் இழப்பது எதை? உழுகிறவனின் உழவே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது என்ற அந்தத் துல்லியத்தை. வறுமை என்ற சொல்லில் அது இல்லை. விதி என்ற சொல்லிலும் இல்லை. கிழங்கில் இருக்கிறது.

இப்படிச் சொன்னால் நாவலில் வரும் எல்லாச் சாமானும் குறியீடு ஆகிவிடாதா, பிறகு அந்தச் சொல்லுக்கே வேலை இல்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் அளவுகோல் இது: ஒரே பொருளுக்குக் கதைமாந்தர் இருவராவது வெவ்வேறு மதிப்புப் போட வேண்டும், அந்த மதிப்பு வேறுபாடு கதையைத் தள்ள வேண்டும். இமையத்தின் ‘செட’லில் மழை வேண்டி ஒரு சிறுமியைச் செல்லியம்மனுக்குப் பொட்டுக்கட்டி விடுகிறார்கள். ஊருக்கு அந்தப் பொட்டு மழை. அவளுக்கு அது முழு ஆயுள். கையகலம்கூட இல்லாத அந்தப் பொருளுக்கு நாவல் முழுவதையும் தாங்கும் பலம் வருவது இந்த இடைவெளியால்தான். 2018இல் வந்து 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்ற அவருடைய ‘செல்லாத பணம்’ இன்னும் தெளிவான உதாரணம். தலைப்பைக் கண்டதும் 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. சுட்டுவதைத் தேடும் வாசிப்பு நேராக அங்கேதான் ஓடும். நாவல் ஓடுவது புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்கு. தலைமை ஆசிரியர் நடேசனின் மகள் ரேவதி, பொறியியல் படித்தவள், பர்மா அகதிக் குடும்பத்து ஆட்டோ ஓட்டுநர் ரவியைக் கட்டிக்கொண்டாள். இப்போது உடல் வெந்து கிடக்கிறாள். கடலூர் மாவட்டத்தில் உயிர் ஊசலாடும்போது முதலில் வாயில் வரும் பெயர் ஜிப்மர். அங்கே நின்றுகொண்டு அவள் குடும்பத்தார் எவ்வளவு ஆனாலும் செலவு செய்கிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. வெந்த தோலுக்கு விலை கிடையாது, பொது ஆஸ்பத்திரி பணக்காரப் பிரிவு என்று ஒன்றைத் திறந்து விடப்போவதுமில்லை. பணத்தை வைத்து இத்தனை காலம் மருமகனை அளந்தவர்கள் அவர்கள். அவனிடம் இல்லாததும் தங்களிடம் இருப்பதும் என்று அவர்கள் கணக்குப் போட்ட அந்த ஒரே பொருள், அவர்கள் கையில் இருக்கும்போதே காகிதமாகிறது. பணம் எதையும் சுட்டவில்லை. பணம் பணமாகவே வந்து பணமாகவே தோற்கிறது. அதே வராந்தாவில் தள்ளுவண்டியும் மருந்துச் சீட்டும் நிறைய வருகின்றன. அவை இடத்தைக் காட்டுவதற்கு வந்தவை, அவற்றின் மேல் யாருக்கும் தகராறு இல்லை. எல்லாம் குறியீடு ஆவதில்லை.

எனக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான பெயர் மௌனி. சிதம்பரத்தில் வாழ்ந்து அங்கேயே அரிசி மில் நடத்தி, இருபத்து நான்கு போலக் கதைகள் மட்டும் எழுதியவர். ‘அழியாச் சுட’ரின் கோயில் தூணில் எழும் யாளியை யாரும் உழைப்பில் பயன்படுத்தவில்லை, விலை கொடுக்கவில்லை, கைமாற்றவில்லை. ஆனாலும் அது நம்மை நடுங்க வைக்கிறதே? வைக்கிறது. ஆனால் அந்த யாளி எதற்குக் குறியீடு என்று இத்தனை வருடத்தில் யாரும் முடிவாகச் சொன்னதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இளைஞன் ஒருவன் சந்நிதியில் ஒரு பெண்ணிடம் ஒரு சொல் சொல்லிவிட்டான்; சொன்ன கணத்தில் எதிர்த் தூணின் யாளி சீறுவதாக அவனுக்குத் தோன்றுகிறது. கல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நடந்த ஒன்று அது, சாட்சி இருக்க நடந்த ஒன்று. கல்லை எடுத்துவிட்டு அர்த்தத்தை மட்டும் வைக்கப் பார்த்தால் கையில் ஏதும் மிஞ்சாது. மௌனியின் ஊரில் உள்ள ரகசியமும் அப்படித்தான். சிதம்பர ரகசியம் என்று மறைபொருளுக்கெல்லாம் பெயர் வைக்கிறோம். சிற்சபையில் நடராசருக்குப் பக்கத்துத் திரையை விலக்கித் தீபம் காட்டும்போது தெரிவது, தொங்கும் தங்க வில்வ மாலைகள். அங்கே இருப்பது ஆகாயம் என்பது நம்பிக்கை. அந்த ஆகாயத்தைக் கண்ணுக்குக் காட்ட மாலை வேண்டியிருக்கிறது, திரை விலகிய பிறகும் மாலை அங்கேயே இருக்கிறது. மௌனி சிறுகதைக்காரர் என்பதும் இதில் சேர்த்தி. சிறுகதை ஒரு பார்வையில் முடிந்துவிடலாம். நாவலில் பொருளுக்கு வருடங்கள் வேண்டும், தேய்மானம் வேண்டும், கைகள் வேண்டும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். சோற்றைச் சோறென்றும் துணியைத் துணியென்றும் படிக்கச் சொல்வது அரசியலை மழுங்கடிக்காதா? ஆரோக்கியத்தின் மூட்டையை ஒரு சாதி முழுவதன் சுமையாகப் பார்த்தால்தானே கோபம் பிறக்கும்? அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வண்ணார் தொழிலில் சேங்கொட்டைச் சாற்றால் துணிக்கு வீட்டு அடையாளம் போடும் வழக்கம் உண்டு. எழுத்தறியாத கையும் ஆயிரம் துணியை வீடு மாறாமல் பிரித்துவிடும். மூட்டையைத் துணியாகப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியிருக்கும் கேள்வியும் அதுதான்: இது யார் வீட்டுத் துணி? நாவலில் அதற்கு வரும் பதில் ஆண்டை வீட்டுத் துணி என்பதல்ல. பறத்தெருவின் துணி, தானும் மிதிபட்டுக்கொண்டிருக்கும் ஒரு தெருவின் துணி. மிதிபடுபவர் தனக்குக் கீழே ஒருத்தியை நிறுத்திவைத்துச் சோறு போடுகிறார். கழுதை என்றால் ஒடுக்கப்பட்டவன் என்று எழுதிக்கொண்ட வாசிப்பில் ஏற்றுகிறவரும் சுமக்கிறவளும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள், இந்தக் கேள்வியைக் கேட்கவே அங்கே வழியில்லை. நாவல் வந்த நாட்களில் தலித் இயக்கத்திலிருந்தும் விமர்சகர்களிடமிருந்தும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒன்றுசேர வேண்டிய நேரத்தில் உள்ளே இருக்கும் பிளவைக் காட்டிக்கொடுக்கிறது என்றார்கள். அந்த எதிர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை, காட்ட வேண்டியதைத்தான் இமையம் காட்டினார் என்று நினைக்கிறேன். ஆனால் அது யார் வீட்டுத் துணி என்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். பதிவு என்று பாராட்டியவர்கள் பார்க்கவில்லை.